நாளுக்குப் பத்துப் பவுண்

எங்கள் பாடசாலை அலுவலகத்துக்கு ஒரு கண்ணாடி யன்னல் உண்டு. பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. கிழக்கு லண்டன் பிள்ளைகள் வீட்டில் மறந்துவிட்டு வரும் அத்தனையும் அந்த யன்னலால்தான் உள்ளே வரும்: சாப்பாட்டுப் பெட்டி, ஆஸ்துமா பம்ப், விளையாட்டுச் சப்பாத்து, ஒற்றைக் கையுறை. 2016 ஏப்ரலில், சித்திரை வருடப் பிறப்பு முடிந்த அடுத்த கிழமை, அந்த யன்னலால் ஒரு ஐஸ்கிரீம் டப்பா வந்தது. உள்ளே பயற்றம் பணியாரம். டப்பாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை.

கொண்டுவந்தவர் ரிசப்ஷன், அதாவது முதலாம் வகுப்புக்கு முந்திய வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய். மணி அடித்து, பிந்தி வந்தவர்களும் கையெழுத்துப் போட்டு உள்ளே போய் முடியும்வரை நடையிலேயே நின்றிருந்தார். செப்டெம்பரிலிருந்து நாள்தோறும் பார்க்கிற முகம்; "வணக்கம் அக்கா" என்பதைத் தாண்டி ஒரு சொல் பேசியதில்லை. உள்ளே கூப்பிட்டேன். வந்தவர் தானே கதவைச் சாத்தினார்.

"அக்கா, இது வேற ஆருக்கும் தெரிய வேண்டாம்."

உறைக்குள் இருந்தது நீதிமன்ற முத்திரை குத்திய தத்தெடுப்பு ஆணை.

நான் ஆசிரியை அல்ல. 1999இல் லண்டன் வந்து, மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பாடசாலைக்குள் நுழைந்தவள். பிறகு அலுவலகத்துக்கு எடுத்தார்கள். பிறகு பாடசாலையின் வரவு செலவு முழுவதும் என் கைக்கு வந்தது. 2011இலிருந்து என் வேலையில் பெரும் பகுதி, இல்லாத பிள்ளைகளுக்கென்று அரசு தருகிற காசை அந்தந்தப் பிள்ளையின் பெயரில் பாடசாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. இதை எழுதுகிறபோது பெயர்களை விட்டுவிட்டேன், அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் முதல் வீட்டில் என்ன நடந்தது என்பதை எழுதப்போவதில்லை. அது அவளுடைய கதை.

இங்கிலாந்தில் இந்தக் காசுக்குப் பெயர் பியூப்பில் பிரீமியம். 2011 ஏப்ரலில், கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமோகிரட் கட்சியும் சேர்ந்து அமைத்த கூட்டணி அரசு இதைத் தொடங்கியது. துணைப் பிரதமராக இருந்த லிபரல் டெமோகிரட் தலைவர் நிக் கிளெக் தன் கட்சியின் திட்டமாகவே இதைச் சொல்லிவந்தார். இலவச உணவுக்குத் தகுதியான பிள்ளை ஒன்றுக்கு முதல் வருடம் 488 பவுண். 2012இலிருந்து, கடந்த ஆறு வருடத்தில் ஒருமுறையேனும் இலவச உணவுக்குப் பதிந்த பிள்ளை என்றால் போதும் என்று விரித்தார்கள். 2014இல் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு 1,300 பவுண் ஆனது. இதன் நியாயத்தை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது வெகு சுலபம். சனிக்கிழமை காலையில் கிழக்கு லண்டனில் எந்தத் தெருவில் நின்றாலும் ரியூஷனுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கலாம். வசதியுள்ள தாய் தகப்பன் அந்த வகுப்புக்குக் கொடுக்கும் காசை, வசதியில்லாத பிள்ளைக்கு அரசு பாடசாலையிடம் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

சிக்கல், காசு தானாக வராது என்பது. பெற்றோர் பதிய வேண்டும். பதிவதற்குச் சொல்ல வேண்டும்: எங்களிடம் இல்லை என்று.

யாழ்ப்பாணத்தில் காணியும் கிணறும் வைத்திருந்த மனிதர், இங்கே பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. அவரிடம் அந்தப் படிவத்தை முதன்முதலில் நீட்டியபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தங்கச்சி, சோத்துக்கு எழுதிக் குடுக்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் வரேல்லை." மூன்று பிள்ளைகள் அவருக்கு. மூன்று பேருக்கும் தகுதி இருந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. பிறகு இரண்டு மூன்று வருடப் பழக்கத்தில் ஒரு வசனம் அமைந்தது. "அண்ணை, இது சாப்பாட்டுக் காசு இல்லை, பிள்ளையின்ர படிப்புக் காசு. சாப்பாட்டை நீங்கள் வீட்டிலயிருந்தே குடுத்து விடுங்கோ. பேரை மட்டும் பதியுங்கோ." இந்த ஒரு வசனத்தால் பதிந்த குடும்பங்களை எண்ணினால் நாற்பதுக்குக் குறையாது. தேசிய காப்புறுதி இலக்கம், பிறந்த திகதி, பிள்ளையின் பெயர். மூன்று நிமிட வேலை. தமிழில் கேட்டு, தமிழில் சொல்லி, நான் தட்டச்சு செய்து கொடுப்பேன். யன்னலில் தமிழ் முகம் ஒன்று இருப்பது எத்தனை நல்லது என்று அதிபர் எல்லாரிடமும் சொல்லுவார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

2014 செப்டெம்பரில் ரிசப்ஷன், முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் இலவச மதிய உணவு வந்தது. கிழக்கு லண்டன் நியூஹாமில் அதற்கும் முன்பே, 2009இல் முன்னோட்டமாகத் தொடங்கி, ஆரம்பப் பாடசாலை முழுவதற்கும் கொடுத்தார்கள். 2023 செப்டெம்பரில் மேயர் சாதிக் கான் அதை லண்டன் முழுவதற்கும் கொண்டுவந்தார். பிள்ளைகளின் வயிற்றுக்கு இதைவிட நல்ல காரியம் இல்லை. இதில் எனக்கு இரண்டு கருத்துக் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் சாப்பாடு இலவசம் என்றால் படிவம் எதற்கு? "சும்மா தருகினம்தானே அக்கா, பிறகென்ன?" பெயர் பதியாத பிள்ளைக்கு உணவு வரும், பிரீமியம் வராது. வருடா வருடம் செப்டெம்பரில் வாசலில் நின்று இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

2018 ஏப்ரலில் இன்னொரு கோடு கீறினார்கள். யுனிவர்சல் கிரெடிட் எடுக்கும் குடும்பம், வரி போக வருடம் 7,400 பவுணுக்கு மேல் உழைத்தால் தகுதியில்லை என்றார்கள். குடும்பம் முழுவதற்கும் 7,400. துப்புரவு வேலையில் தாய்க்குக் கிழமைக்கு நாலு மணித்தியாலம் கூடக் கிடைத்தால் போதும், கோட்டைத் தாண்டிவிடும். கூட வேலை செய்ததற்குத் தண்டனை போல அதை உணர்ந்த பெண்கள் என் முன்னால் இருந்து அழுதிருக்கிறார்கள். ஏற்கெனவே பதிந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள், புதிதாக வருகிறவர்களுக்கு இல்லை. இன்னொரு பக்கம், அரச உதவி எதையும் பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு வீசா உள்ள குடும்பங்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு இலவச உணவு உரிமை 2020இல் கொரோனாவோடுதான் தற்காலிகமாக வந்தது, 2022இல்தான் நிரந்தரமானது. அதற்கு முந்தைய வருடங்களில் அப்படியான பிள்ளைகளுக்கு நாங்கள் சாப்பாடு கொடுத்தது பாடசாலையின் சொந்தக் காசில். எந்தத் தலைப்பில் எழுதினேன் என்று இப்போதும் ஞாபகம் இருக்கிறது. "சமையலறை, ஏனையவை."

தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் இந்தக் கணக்குக்குள் வந்தது 2014 ஏப்ரலில். அதற்கு முன்பே, அரசின் பராமரிப்பில் வளர்ப்புப் பெற்றோருடன் இருக்கும் பிள்ளைகளுக்குக் காசு உண்டு. ஆனால் தத்தெடுப்பு ஆணை கிடைத்த நாளோடு பிள்ளை அந்தப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். ஒரு தாளில் நீதிபதி கையெழுத்து வைத்ததும் பிள்ளையின் பயங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்பது போல. 2014இல் அதைத் திருத்தி, பராமரிப்பிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கும் 1,900 பவுண் என்றார்கள். விசேட காப்பாளர் ஆணையின் கீழ், அதாவது பராமரிப்பிலிருந்து வந்து அம்மம்மாவோடோ பெரியம்மாவோடோ வளரும் பிள்ளைக்கும் அதே தொகை. வீட்டு வருமானம் பார்ப்பதில்லை. தாய் தகப்பன் வைத்தியராக இருந்தாலும் சரி. பிள்ளை இழந்தது வருமானத்தை அல்லவே.

பராமரிப்பில் உள்ள பிள்ளையின் காசு கவுன்சிலின் 'வேர்ச்சுவல் ஸ்கூல்' தலைமையிடம் போகும். அவர்கள் தவணைக்கொரு கல்வித் திட்டம் கேட்டு, அதைப் பார்த்துத் தருவார்கள். தத்தெடுக்கப்பட்ட பிள்ளையின் காசு நேரே பாடசாலைக்கு வரும். வருவதற்கு ஒரே வழி, பெற்றோர் தாங்களே வந்து, ஆணையைக் காட்டி, சொல்வது. எந்தக் கணினியும் எங்களுக்குச் சொல்லாது. இங்கே தத்தெடுத்த பிள்ளைக்குச் சுருக்கமான பிறப்புச் சான்றிதழ் ஒன்று எடுக்கலாம். அதில் தத்தெடுப்பு என்ற சொல்லே இராது. அனுமதிப் படிவத்தோடு அதைத்தான் தருவார்கள். எங்களுக்கு எதுவும் தெரிய வராது. தெரிய வரக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கமும்.

2014இல் நான் செய்தது இது. மாதாந்தச் செய்திக் கடிதத்தில், சுற்றுலாக் கட்டணத்துக்கும் தலைப்பேன் அறிவித்தலுக்கும் நடுவில் இரண்டு வரி போட்டேன்: உங்கள் பிள்ளை தத்தெடுக்கப்பட்டவர் என்றால் அலுவலகத்தில் வந்து தெரிவியுங்கள். ஒருவரும் வரவில்லை. எங்கள் பாடசாலையில் அப்படியான பிள்ளைகள் இல்லைப் போலும் என்று அதிபரிடம் சொன்னேன். அவரும் சரி என்றார். அடுத்த வருடம் அதே இரண்டு வரியைத் திரும்பப் போட்டேன்.

அந்தத் தாய் கதிரையின் நுனியில் இருந்தார். ஆணையை வாசித்து முடித்துவிட்டு, சமூக சேவைப் பகுதியினர் இந்தக் காசைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தார்களா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. முதல் நாளே சொல்லச் சொன்னவை. சொல்லத்தான் வந்தனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "யன்னலிலை உங்களைக் கண்டிட்டன்."

அவருக்கும் கணவருக்கும் பதினொரு வருடம் பிள்ளை இல்லை. மாமியாருக்கு மட்டும் விஷயம் தெரியும். ஊரிலே, கோயிலிலே, ஒன்றுகூடல்களிலே எல்லாம் அவள் அவர்களுக்குப் பிறந்த பிள்ளை. இடையில் சில வருடம் வேறு நகரத்தில் இருந்துவிட்டு வந்ததால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பிள்ளைக்கு உண்மை தெரியும். அதை மறைக்கவில்லை, ஒவ்வொரு இரவும் அவளுடைய கதைப் புத்தகத்தை அவளுக்கு வாசிக்கிறார்கள். ஆட்களுக்குத்தான் தெரியாது. "எடுத்து வளர்க்கிற பிள்ளை எண்டு நாளைக்கு ஒருதரும் அவளைப் பார்த்துச் சொல்லக் கூடாது அக்கா. உங்களுக்குத் தெரிஞ்சா எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்ச மாதிரி எண்டு நினைச்சிட்டன். குறை நினைக்காதேங்கோ."

குறை நினைக்கவில்லை. நெஞ்சு அடைத்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அந்தக் கதிரையில் இருந்திருந்தால் செப்டெம்பரிலேயே அவர் சொல்லியிருப்பார். நாற்பது குடும்பத்துக்கு வாசலைத் திறந்த அதே முகம் அந்தத் தாய்க்கு வாசலை அடைத்திருக்கிறது. எட்டு மாதம் நாள்தோறும் அந்த யன்னலைத் தாண்டி, வணக்கம் சொல்லி, சொல்லாமலே போயிருக்கிறார்.

பிறகு நான் சொல்ல வேண்டியிருந்தது இன்னும் கஷ்டமானது. பிள்ளைகளின் கணக்கெடுப்பு ஜனவரி 21ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. அன்றைய பதிவில் அவள் பெயருக்கு நேரே 'தெரிவிக்கப்படவில்லை' என்றுதான் போயிருக்கிறது. அடுத்த ஜனவரியில் பதிந்தால், காசு அதற்கடுத்த ஏப்ரலில் வரும். முழுசாக ஒரு வருடம். 1,900 பவுண்.

அவர் காசைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அவள் பாண் துண்டுகளை ஒளிச்சு வைக்கிறாள் அக்கா" என்றார். "வீட்டிலை இல்லை. இங்கைதான்."

அன்று பின்னேரம் ரிசப்ஷன் வகுப்பு ரீச்சரோடு போய் அவளுடைய கோட்டைப் பார்த்தேன். ஊதா நிறக் கோட். தொங்கவிடும் கொளுக்கிக்கு மேலே ஒரு முயல் படம் ஒட்டியிருந்தது. இரண்டு பொக்கெற்றிலும் ரிசுவில் மடித்த தோஸ்ட் ஓரங்கள், பாதி கடித்த அப்பிள், காய்ந்து கல்லான பாஸ்தா. அடியில் இருந்தவை கறுத்துப் போயிருந்தன. ரீச்சர் அவற்றை எறியக் கையெடுத்தார். எறியாமல் எப்படி விட்டோமோ தெரியாது. ஏதோ தோன்றி அப்படியே திரும்ப வைத்தோம். அடுத்த நாள் அவளுக்கென்று மூடியுள்ள சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி, அவள் பெயரை எழுதி, பிஸ்கட்டும் உலர்ந்த முந்திரிகையும் போட்டு, அவளுடைய தட்டில் வைத்தோம். எப்போதும் நிறைந்திருக்கும், கேட்காமல் திறக்கலாம். பெட்டியின் விலை 2 பவுணுக்கும் குறைவு. கோட் பொக்கெற் காலியாக ஐந்து மாதம் எடுத்தது.

பசியால் வாடிய பிள்ளை, இனிப் பசி வராது என்று நம்புவதற்கு எத்தனை தரம் சாப்பிட வேண்டும் என்பது எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இல்லை. வன்னியிலிருந்து 2009க்குப் பிறகு வந்த தாய்மார்கள் அரிசி மூட்டையைக் கட்டிலுக்குக் கீழே வைப்பதை நான் அறிவேன். அதை அறிந்திருந்தும் நாலு வயதுப் பிள்ளையின் கோட்டுக்குள் அதே பயம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காசு வராத அந்த வருடத்தில் அதிபர் பொது நிதியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதற்குச் செலவழிப்பது என்று தாயையே கூப்பிட்டுக் கேட்டோம். எனக்குத் தெரிந்தவரை பாடசாலைகள் குறைவாகச் செய்வது இதைத்தான். நாங்களாக இருந்தால் வாசிப்புக்கு மேலதிக வகுப்பு என்றிருப்போம். அவர் சொன்னது வேறு: காலையில் வகுப்பு வாசலில் அவளை வரவேற்க ஒரே ஆள், ஒவ்வொரு நாளும் அதே ஆள், வேண்டும். புது ரீச்சர் வரும் நாளை முதல் நாளே வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

இங்கே பாடசாலை வருடம் 190 நாள். 1,900ஐ அதால் பிரித்தால் நாளுக்குப் பத்துப் பவுண். ஒரு உதவி ஆசிரியையை ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொள்ளலாம். அதில் காலையில் இருபது நிமிடம், மதியம் விளையாட்டு நேரம் முடிந்து உள்ளே வரும்போது பதினைந்து நிமிடம். மீதி, 'கூடு' என்று பிள்ளைகள் பெயர் வைத்த சின்ன அறையில். 1960களின் இறுதியில் லண்டனில் மார்ஜரி பொக்ஸால் என்ற கல்வி உளவியலாளர் தொடங்கிய சிறு குழு வகுப்புகளின் வழி வந்தது அது. மேசையில் பாண் வாட்டி, வெண்ணெய் பூசி, பங்கிட்டுச் சாப்பிடுவதுதான் முதல் பாடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பாடமாகவே தெரியாது. பரிசோதகர் ஒருவர் வாசலில் நின்று, இதனால் வாசிப்பில் எத்தனை புள்ளி கூடியது என்று கேட்டார். வகுப்புக்குள் இருக்க முடியாத பிள்ளைக்கு வாசிப்பு எங்கேயிருந்து வரும் என்று, பராமரிப்பில் உள்ள பிள்ளைகளைக் கவனிக்கும் எங்கள் பொறுப்பாசிரியை அமைதியாகத் திருப்பிக் கேட்டார்.

மிச்சம் பிடித்த காசில் ஒரு நாள் பயிற்சி வைத்தோம். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, மதிய உணவுப் பெண்கள், துப்புரவு வேலை செய்பவர், அலுவலகத்தில் நாங்கள், எல்லாருக்கும். பயத்தில் இருக்கும் பிள்ளை குழப்படி செய்யும் பிள்ளையைப் போலத்தான் தெரியும் என்பதை மதிய உணவு நேரத்தில் பதினைந்து வருடம் நின்ற பெண் ஒருவர் அன்றுதான் கேட்டார். தான் சுவரோரம் நிறுத்தி வைத்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அறையில் ஒரு சத்தம் இல்லை.

முதலாம் வகுப்பில் வந்தது போட்டோ வீட்டுப்பாடம். 'நான் குழந்தையாக இருந்தபோது' என்று ஒரு படமும் நாலு வரியும் கொண்டுவர வேண்டும். தாய் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். இரண்டரை வயதுக்கு முன்னான படம் அவர்களிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது, அது அவளுடைய கதைப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது, அதைச் சுவரில் ஒட்ட அவள் விடமாட்டாள்.

தொலைபேசியை வைத்தபின் அப்படியே இருந்தேன். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டு அல்பம் அலுமாரியில் இருந்தது. திரும்பிப் போனபோது அலுமாரியும் இல்லை. எனக்குச் சின்ன வயதுப் படம் ஒன்றும் கிடையாது. எங்கள் பாடசாலையிலேயே முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்த குடும்பங்கள், சிரியாவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் எத்தனை! அவர்களும் வருடா வருடம் இந்த வீட்டுப்பாடத்தைச் செய்யாமல் அனுப்பியிருக்கிறார்கள். "வீட்டுப்பாடம் தரவில்லை" என்று நாங்கள் குறித்து வைத்திருக்கிறோம். அடுத்த நாள் அதிபரின் அறையில் அதைச் சொன்னேன். அந்தப் பாடத்தை 'எனக்குப் பிடித்த ஒரு படம்' என்று மாற்றினார்கள். குடும்ப மரம் வரைவதும் போனது. ஒரு பிள்ளைக்கென்று மாற்றினால் அவள் தனித்துத் தெரிவாள், எல்லாருக்கும் மாற்றினோம்.

2017 ஜனவரிக் கணக்கெடுப்பில் அவள் பெயருக்கு நேரே ஒரே ஒரு ஆங்கில எழுத்தை மாற்றினேன். 'ஏ'. தத்தெடுப்புக்கான குறி. ஆணையின் பிரதியைத் தனி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திறப்பு மூன்று பேரிடம்: அதிபர், பொறுப்பாசிரியை, நான். எங்கள் பாடசாலையில் வேலை செய்த மற்ற மூன்று தமிழ்ப் பெண்களுக்கு இன்றுவரை தெரியாது.

செய்திக் கடிதத்தின் இரண்டு வரியையும் தூக்கி எறிந்தேன். அதற்குப் பதிலாக, புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் பொறுப்பாசிரியையோடு தனியாகப் பத்து நிமிடம். எல்லாருக்கும் ஒரே கேள்விகள். அவற்றில் ஒன்று இது. அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை, விரும்பினால் அவருக்கு நேரே மின்னஞ்சல் போடலாம். அடுத்த இரண்டு வருடத்தில் நாலு குடும்பங்கள் சொன்னார்கள். ஒன்று, பேரனை விசேட காப்பாளர் ஆணையில் வளர்க்கும் கரீபியன் அம்மம்மா. பையன் அப்போது ஐந்தாம் வகுப்பு. "நான் தத்தெடுக்கேல்லையே, என்ரை பேரன்தானே" என்று அவர் நினைத்திருந்தார். அவனுக்குரிய காசு எத்தனை வருடம் வராமலே போயிருக்கிறது.

காசு பிள்ளையின் தனிக் கணக்கா என்று பெற்றோர் கேட்பார்கள். இல்லை. அரசின் விதிப்படி அது பாடசாலைக்கு வரும் மானியம்; அந்தப் பிள்ளைக்கென்றே ஒவ்வொரு பவுணையும் செலவழிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இது சரி என்றுதான் நினைக்கிறேன். ஒரு நாள் பயிற்சியை ஒரு பிள்ளையின் கணக்கில் எழுத முடியாது, ஆனால் அந்தப் பயிற்சிதான் அவளைக் காப்பாற்றியது. ஆனால் இந்தத் தளர்வைப் பிழையாகப் பயன்படுத்துவதையும் பார்த்திருக்கிறேன். வேறொரு பாடசாலையில் சில காலம் கணக்குப் பார்க்கப் போனபோது, பிரீமியம் முழுவதும் பொதுச் சம்பளத்துக்குள் கரைந்திருந்தது. தத்தெடுத்த தகப்பன் ஒருவர் மரியாதையாகக் கேட்டார், என் மகனுக்காக வந்த காசில் என்ன செய்தீர்கள் என்று. பதில் சொல்ல அங்கே ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. பாடசாலை ஒவ்வொரு வருடமும் பிரீமியத்தை எப்படிச் செலவழிக்கிறது என்று தன் இணையதளத்தில் எழுத வேண்டும். அங்கே அழகாக எழுதியிருந்தார்கள். அந்தப் பையன் மதிய நேரத்தில் கழிப்பறைக்குள் ஒளிந்திருப்பதை யாரும் கவனித்திருக்கவில்லை.

அரசின் பக்கத்திலும் குறை உண்டு. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு 2015இல் 1,320 பவுண். 2019-20 வரையும் அதே 1,320. சம்பளம் ஏறியது, எரிவாயு ஏறியது, பாண் விலை ஏறியது. தத்தெடுத்த பிள்ளைகளுக்கு 2018இல் 2,300 ஆக்கினார்கள், அது பெரிய உதவி. அதே வருடம் செப்டெம்பரிலிருந்து பொறுப்பாசிரியையின் கடமை தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் உண்டு என்று சட்டத்திலேயே வந்தது. 2025-26இல் தொகைகள் 1,515, 2,630. ஏறியிருக்கிறது என்று தாளில் தெரியும். 'கூட்டில்' உதவி ஆசிரியையின் நேரம் முன்பைவிடக் குறைவு என்பதை அந்த அறைக்குள் போனால்தான் தெரியும்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது யன்னலுக்கு வெளியே வரிசை. வேலை போனவர்கள். இலவச உணவுக்குப் பதிந்த பிள்ளைக்குக் கிழமைக்கு 15 பவுண் வவுச்சர். ஆறு வருடமாகப் பதிய மறுத்த அந்தப் பெற்றோல் ஷெட் அண்ணையும் தொலைபேசியில் அழைத்தார். "தங்கச்சி, நீங்கள் முந்திச் சொன்ன அந்தப் படிப்புக் காசு..." என்று தொடங்கினார். சாப்பாடு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படிப் புதிதாகப் பதிந்தவர்களின் வரிசை குளிர்காலத்திலும் நீண்டது. அந்த நேரம் பார்த்து அரசு, பிரீமியக் கணக்கை ஜனவரியிலிருந்து முந்தைய ஒக்ரோபருக்கு மாற்றியது. 2020 ஒக்ரோபருக்கும் 2021 ஜனவரிக்கும் இடையில் வேலை இழந்து பதிந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த வருடக் காசு வரவில்லை. எங்கள் பாடசாலையில் பதினேழு பிள்ளைகள். பதினேழு பெயரையும் தாளில் எழுதி அதிபரிடம் கொடுத்தேன்; நாடாளுமன்ற உறுப்பினருக்கு அவர் எழுதிய கடிதத்தோடு எண்ணிக்கை போனது. காசு வரவில்லை.

ஊதாக் கோட்காரி இரண்டாம் வகுப்பிலிருந்து எனக்கு வருகைப் பதிவேடு கொண்டுவரத் தொடங்கினாள். காலையில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தால் வகுப்பிலிருந்து எழுந்து போக ஒரு காரணம் இருக்கும், திரும்பி வரவும் ஒரு காரணம் இருக்கும் என்று பொறுப்பாசிரியை சொன்ன யோசனை. பச்சைப் பையை யன்னலுக்குள் நீட்டிவிட்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டி, நான் இருக்கிறேனா என்று பார்ப்பாள். நான் விடுமுறை எடுக்கும் நாளை முதல் நாளே அவளிடம் சொல்வேன். நாலாம் வகுப்பில் ஒரு நாள் பையை வேறு பிள்ளை கொண்டுவந்தது. பதறிப்போய்க் கேட்டேன். அவள் விஞ்ஞானப் பாடத்தில் ஏதோ செய்துகொண்டிருக்கிறாள், எழும்ப மாட்டேன் என்றாளாம்.

2022 ஜூலை, ஆறாம் வகுப்பின் கடைசிக் கிழமை. உயர்நிலைப் பாடசாலையிலும் சொல்ல வேண்டும், பதினோராம் வகுப்பு வரையும் அவளுக்கு அந்த உரிமை உண்டு என்று தாயிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அங்கே யன்னலில் யார் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது.

மூன்றரை மணிக்கு இருவரும் வந்தார்கள். நடை முழுவதும் ஆட்கள், எங்கள் ஆட்களும் மூன்று நாலு பேர். தாய் வழக்கம் போலக் கூட்டம் கலையட்டும் என்று சுவரோரம் ஒதுங்கினார். மகள் ஒதுங்கவில்லை. அதே பிளாஸ்டிக் உறை, ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. எட்டிப் பார்க்கத் தேவையில்லாத உயரம் வந்துவிட்டது அவளுக்கு.

"மிஸ், இதிலை ரெண்டு கொப்பி எடுத்துத் தருவீங்களா? ஒண்டு புதுப் பள்ளிக்கூடத்துக்கு. மற்றது எனக்கு."

தாயைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆணையை உறையிலிருந்து உருவி இயந்திரத்தின் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, இரண்டு என்று அழுத்தினேன். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, சூடு ஆற முன்னம் இரண்டையும் யன்னலால் கொடுத்தேன்.